ஓரக் குறிப்பு

ஆயரின் ஆணையைப் படியெடுத்து
மூன்று கோவில் கதவிலும் ஒட்டியவள் நான்தான்.
ஒன்றரைப் பக்கம்.
மூன்று பங்குகள் நீக்கப்படுகின்றன,
ஒன்று நிறுவப்படுகிறது;
கடன், கல்லறை, இரசக் கிண்ணம்
யாவும் அதையே சேரும்.
உறைபனியில் டேப் ஒட்டவில்லை.
பார்பரா கோவில் கதவில் மட்டும் ஆணி அடித்தேன்.

சுப்பீரியர் ஏரிக்கரையில் எங்கள் ஊர்.
இரும்பு கிடைத்த நாளில்
ஒரே தெருவில் மூன்று கோவில் எழும்பின.
அயர்லாந்துக்காரருக்குப் பாட்ரிக்,
ஸ்லொவேனியருக்குப் பார்பரா,
இத்தாலியருக்கு ரோக்கு.
எல்லையைக் கோடு பிரிக்கவில்லை,
நாக்கு பிரித்தது.
பாவத்தைச் சொந்த மொழியில் சொன்னால்தான்
மன்னிப்பு முழுசாய்க் கிடைக்குமென்று ஓர் எண்ணம்.

பங்கு என்றால் பங்குதான்:
பிரித்துக்கொண்டவர்களுக்குத்தான் அதன் அளவு தெரியும்.
பங்காளிகளைப் போல
சாவுக்கு மட்டும் கூடினார்கள்,
அதற்கும் பின்வாசல் வழியாய்.

முதலில் போனவை பள்ளிகள்.
மூன்றை ஒன்றாக்கியபோது
சீருடை நிறத்துக்கே பதினொரு வாரக் கூட்டம்.
பச்சையா, நீலமா, அரக்கா?
கடைசியில் சாம்பல்.
ஒருவருக்கும் பிடிக்காததால்
அதுவே நியாயமான நிறமென்று
ஹெஃபர்னன் எழுந்து சொல்ல
யாரும் சிரிக்கவில்லை.
நாற்பத்தொரு பிள்ளைகள்
நான்கு வருடம் சாம்பலில் நடந்தார்கள்.
பிறகு மஞ்சள் பேருந்து
அவர்களை அரசுப் பள்ளிக்குக் கொண்டுபோனது.

புனித வாரத்தில் பேராலயத்துக்குப் போவேன்,
எண்ணெய் வாங்க.
நீள மேசையில் பங்குவாரியாய்ப் பெட்டிகள்,
ஒவ்வொன்றிலும் மூன்று குப்பி:
நோயாளிக்கு, ஞானஸ்நானத்துக்கு, கிறிஸ்மா.
முன்பெல்லாம் பின்னிருக்கையில் மூன்று பெட்டிகளுக்கும்
சீட் பெல்ட் மாட்டிவிடுவேன்.
போன வருடம் ஒன்றே ஒன்று.
முன்னிருக்கையில் என் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.
வளைவுகளில் மெதுவாய் ஓட்டினேன்.

பார்பரா கோவிலை விற்றபோது
ஆணையில் இப்படி ஒரு சொற்றொடர்:
'இழிவற்ற உலகியல் பயன்பாட்டுக்கு.'
இப்போது அது பாறையேறும் பயிற்சிக்கூடம்.
சுரங்கத்தாருக்குப் பாதுகாவலி அவள்;
கயிறு கட்டிய சிறுவர்கள்
விதானத்து வானதூதரின்
பாதம்வரை ஏறித் தொட்டு இறங்குகிறார்கள்.
இழிவு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நைஜீரியாவிலிருந்து வந்த தந்தை ஒபியோரா
முதல் ஞாயிறு முடிந்ததும் கேட்டார்,
நடு வரிசைகளை யாருக்காவது ஒதுக்கியிருக்கிறீர்களா என்று.
இல்லை தந்தையே,
அவை வழிவழியாய்க் காலி.
மூன்று தீவாய் உட்காருகிறார்கள் இன்னமும்.
சமாதானம் சொல்லும் வேளையில் மட்டும்
இரண்டொரு கை
நடைபாதையைத் தாண்டும்.

பதிவேடுகள் ஸூபான்சின் டிரக்கில் வந்தன,
தார்ப்பாய் போட்டு, விறகோடு விறகாய்.
எல்லாம் என் அலமாரியில்.

நேற்று அரிசோனாவிலிருந்து ஒரு கடிதம்:
உங்களிடம் திருமுழுக்குப் பெற்ற
காத்ரின் பெர்த்தொலோத்தி
எங்கள் பங்கில் மணம் முடித்தாள்,
ஓரத்தில் குறித்துக்கொள்ளவும்.

ரோக்கு கோவில் ஏட்டில் தேடினேன், பெயரைப் பார்த்து.
இல்லை.
ஒரு மணி நேரம் கழித்துப் பார்பராவில் அகப்பட்டாள்,
முப்பத்தொரு வருடத்துக்கு முந்தைய பிப்ரவரியில்.
தாய் ஸூபான்ஸ் வீட்டுப் பெண்.
ஞானத்தந்தை: டெக்லன் ஹெஃபர்னன்.
சாம்பல் நிறம் கேட்ட அதே மனிதர்,
எந்தக் கதவு வழியாய் அன்று உள்ளே வந்தாரோ.

ஒரே வரியில் மூன்று பங்கும்.
ஆணை இல்லை, முத்திரை இல்லை, கூட்டமும் இல்லை.
இதை யாரிடம் சொல்வது?
ஹெஃபர்னன் இலையுதிர்காலத்தில் போய்விட்டார்.

பேனாவை உதறி எழுதினேன்:
மணமகன் பெயர், தேதி, ஊர்.
பழைய முத்திரை செல்லாது,
புதியது இன்னும் வரவில்லை.
கையெழுத்து மட்டும் போட்டேன்.

ஓரத்தை யாரோ அகலமாய்க் கோடு போட்டு விட்டிருக்கிறார்கள்.
இன்னும் இரண்டு விரற்கடை இடம் இருக்கிறது
அவளுக்கு.
மை காயட்டுமென்று
ஏட்டைத் திறந்தே வைத்துவிட்டு
காப்பி போடப் போனேன்.